பனி விளிம்பில் ஒரு நாள்: லாங்யர்பியனிலிருந்து பில்லெஃபியோர்டன் வரை

ஸ்வால்பார்டுக்குப் போகிறேன் என்று சொன்னதுமே கேட்பவர் மனதில் துருவக்கரடி வந்து நின்றுவிடுகிறது. லாங்யர்பியன் ஊரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒருநாள் படகுப் பயணத்தில் கரடி தென்படலாம். பெரும்பாலான நாட்களில் தென்படாது. அதை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர், நாள் முழுக்கத் தொலைநோக்கியை இறக்காமல் நின்றுவிட்டு வாடிய முகத்தோடு கரை இறங்குவார். படகின் பக்கவாட்டில் ஒதுங்கிப்போன பனியை அவர் ஒருமுறையும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

கடற்பனியைப் பார்க்கக் கற்றுக்கொண்டு போங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது. அங்கே வாழும் கரடி, சீல், மீன், பறவை எல்லாவற்றின் பிழைப்பும் அந்தப் பனியை ஒட்டியே நடக்கிறது. பனியின் போக்கு புரிந்தால், எந்த உயிர் எங்கே கிடக்கும், ஏன் அங்கே கிடக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

எந்த மாதம், எந்தக் கடற்கழி

ஸ்வால்பார்ட் நார்வேக்கு வடக்கே, 74 முதல் 81 பாகை வட அட்சம் வரை பரவிக் கிடக்கும் தீவுக்கூட்டம். 1920-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது. மிகப்பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். அதன் மேற்குக் கரையிலிருந்து உள்ளே நுழையும் இஸ்ஃபியோர்டன் என்ற அகன்ற கடற்கழியின் தென்கரையில் லாங்யர்பியன் இருக்கிறது. ஃபியோர்டு என்பது பழைய பனியாறுகள் மலையைக் குடைந்துபோன பள்ளத்தில் கடல் புகுந்த இடம். இஸ்ஃபியோர்டனிலிருந்து பல கிளைகள் பிரிகின்றன. வடகிழக்கே போகும் கிளை பில்லெஃபியோர்டன். கிழக்கே மூலையில் இருப்பது டெம்பல்ஃபியோர்டன்.

பழைய புகைப்படங்களில் இஸ்ஃபியோர்டன் முழுவதும் உறைந்து கிடப்பதைப் பார்க்கலாம். இன்று அது அரிது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே போகிறது. 2006-ஐ ஒட்டிய குளிர்காலத்திலிருந்து அந்த நீர் கடற்கழிகளுக்குள் அதிகமாகப் புகத் தொடங்கியதால் அகன்ற வாய்ப்பகுதிகள் பெரும்பாலும் உறைவதில்லை. பில்லெஃபியோர்டனின் வாயில் மட்டும் கடலடியில் ஒரு மேடு இருக்கிறது. வெதுவெதுப்பான நீரை அது பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால் உள்ளே குளிர்ந்த நீர் தங்கி, பெரும்பாலான ஆண்டுகளில் நல்ல பனி கட்டுகிறது. ஒருநாள் பயணத்துக்கு நான் பில்லெஃபியோர்டனைச் சொல்வது இந்த மேட்டை நம்பித்தான்.

மாதம்? மே. சூரியன் ஏறக்குறைய ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை இங்கே மறைவதில்லை. வெளிச்சத்துக்குப் பஞ்சம் கிடையாது. கடற்கழியின் உட்பகுதியில் பனி இன்னும் கிடக்கும், வெளியே நீர் திறந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ள விளிம்பு வரை படகு போகும். பறவைகள் கூடுகட்டும் பாறைகளுக்குத் திரும்பியிருக்கும். சீல்கள் வெயில் காயப் பனிமீது ஏறியிருக்கும். ஜூன் போகப்போகப் பனி உடைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்குப் பனியாறும் பறவைகளும் உண்டு. கடற்பனி வேண்டுமென்றால் பல நாள் கப்பலில் வடக்கே போக வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் ஸ்னோமொபைல் வண்டியில் பனிமீது போகும் பயணங்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அவற்றில் பல இப்போது பழைய கதை. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி பில்லெஃபியோர்டன், டெம்பல்ஃபியோர்டன் உள்ளிட்ட சில கடற்கழிகளில் மார்ச் 1-க்குப் பிறகு பனிமீது மோட்டார் வண்டி ஓட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த மாதங்களில்தான் சீல்கள் குட்டி போடுகின்றன என்பதால் இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நிலத்தின்மேல் ஸ்னோமொபைலில் போய்க் கரையிலிருந்து பனியைப் பார்க்கும் பயணங்கள் தொடர்கின்றன. படகுப் பயணத்துக்கு வழியில்லாதவர்களுக்கு அவை நல்ல மாற்று.

விசாவும் வழியும்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஓஸ்லோ வந்து, அங்கிருந்து நேராகவோ டிரொம்சோ வழியாகவோ லாங்யர்பியன் போகலாம். ஓஸ்லோவிலிருந்து நேர் விமானம் சுமார் மூன்று மணி நேரம். ஸ்வால்பார்டுக்கென்று தனி விசா கிடையாது. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வேயில் நுழையும்போது ஒரு நுழைவு, ஸ்வால்பார்டிலிருந்து திரும்பும்போது இன்னொரு நுழைவு. ஒரே நுழைவுக்கான விசா வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது சிக்கிக்கொள்வீர்கள். விண்ணப்பத்திலேயே இரு நுழைவோ பல நுழைவோ கேளுங்கள். பயணத் திட்டத்தில் லாங்யர்பியனைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பயணக் காப்பீட்டில் தேடுதல், மீட்பு, விமானத்தில் நோயாளியை அனுப்புதல் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊரில் சிறிய மருத்துவமனைதான் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் டிரொம்சோவுக்குத்தான் தூக்கிப் போவார்கள்.

ஊரில் பல விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் வாசலில் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கரி படிந்த பூட்ஸை வாசலில் விட்டுவந்த காலத்து வழக்கம் இது. நமக்குச் சிரமமில்லை; உள்ளே நடக்க ஒரு ஜோடி தடித்த காலுறை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படகு, என்ன உடை

படகுகள் மூன்று வகை. மேல்திறந்த வேகப்படகு, ஐம்பது, நூறு பேர் போகும் பழைய பாணிக் கப்பல், மின்கலமும் டீசலும் சேர்ந்து ஓடும் புதிய படகு. முதல்முறை போகிறவர்களுக்கும், வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துப் போகிறவர்களுக்கும், உள்ளே சூடான அறையும் வெளியே சுற்றி நடக்கத் தளமும் உள்ள படகுதான் சரி. அதிலும் பனி விளிம்புக்கு அருகே எஞ்சினை நிறுத்திவிட்டு மின்சாரத்தில் ஊரும் படகு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதில் போங்கள். பனி எழுப்பும் ஓசைகளை டீசல் எஞ்சின் முழுவதுமாக விழுங்கிவிடும். மேல்திறந்த படகில் மிதக்கும் உடை தருவார்கள். வேகம் பிடித்தவர்களுக்கு அது நன்றாயிருக்கும்; நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது தோதாக இருக்காது.

மே மாத வெப்பநிலை பொதுவாக உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். இதைப் படித்துவிட்டு, சிம்லாவில் பார்க்காத குளிரா என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே வீசாத நாளிலும் படகு 20 நாட் வேகத்தில் ஓடினால், மைனஸ் 5 டிகிரி உங்கள் கன்னத்துக்கு மைனஸ் 14 ஆகத் தெரியும். தளத்தில் நிற்பவரைத் தாக்குவது இந்தக் காற்றுதான்.

பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளியோ ஃப்ளீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லிய கையுறை, வெளியே விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பெரிய உறை. கேமராவை இயக்கும்போது வெளியுறையை மட்டும் கழற்றலாம். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டுக் காலை நெருக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முதலில் மரத்துப்போகும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பியனுப்பும். மேகமூட்டமான நாளிலும் கண் எரிந்து சிவக்கும். மூக்கின் அடிப்பக்கத்துக்கும் தாடைக்குக் கீழும் வெயில் களிம்பு பூசுங்கள், ஏனென்றால் இங்கே வெயில் கீழிருந்தும் வரும்.

பனியை வாசிக்கும் விதம்

படகு துறையை விட்டுக் கிளம்பி, மேசைபோல் தட்டையான மலைகளுக்கு நடுவே வடக்கே திரும்பியதும் முதலில் வானத்தைப் பாருங்கள். தொலைவில் தாழ்ந்த மேகத்தின் அடிப்பக்கம் ஓரிடத்தில் வெளிறிப் பளபளத்தால், அதன் கீழே பனி இருக்கிறது. மேகத்தின் அடி இருண்டிருந்தால் அங்கே திறந்த நீர். செயற்கைக்கோள் படங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மாலுமிகள் இந்த இரண்டையும் வைத்துத்தான் பனிக்குள் வழி தேடினார்கள். கண்ணுக்குப் பனி தெரிவதற்கு வெகு முன்பே வானம் சொல்லிவிடும்.

கடல் எளிதில் உறைவதில்லை. குளத்து நீர் 4 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே தங்கும். மேற்பரப்பு மட்டும் குளிர்ந்தால் போதும், உறைந்துவிடும். உப்பு நிறைந்த கடல்நீர் குளிரக்குளிரக் கனத்துக் கீழே இறங்கும். கீழிருந்து சூடான நீர் மேலே வரும். அந்த நீர்ப்பத்தி முழுவதும் குளிர்ந்து மைனஸ் 1.8 டிகிரியைத் தொட்ட பிறகுதான் பனி பிறக்கும். இலையுதிர்காலம் முழுவதும் கடற்கழி தன் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

முதலில் நீரில் ஊசிபோன்ற படிகங்கள் மிதக்கும். அவை திரண்டால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் மங்கும், சிற்றலைகள் அடங்கிவிடும். நீர் அசையாமல் கிடந்தால் இருண்ட மெல்லிய தகடாகிப் படரும். பத்து செ.மீ. தடிமன் வரை இந்தத் தகடு உடையாமல் அலையோடு சேர்ந்து வளையும். அலை இருந்தால் தகடு உடைந்து, துண்டுகள் ஒன்றோடொன்று இடித்து இடித்து, ஓரம் மேலெழுந்த வட்டங்களாகும். வாணலி நிறைய ஊத்தப்பம் மிதப்பதுபோல் கடல் முழுக்கத் தெரியும். மே மாதத்தில் கூட, காற்று அடங்கிய குளிர்ந்த இரவுக்கு மறுநாள் காலை, பெரிய பனித்துண்டுகளுக்கு நடுவே இந்தப் புதுப் படலத்தைப் பார்க்க வாய்ப்புண்டு. படகு அதைக் கிழித்துப் போகும்போது எழும் மெல்லிய சலசலப்பை நின்று கேளுங்கள்.

நீர் உறையும்போது உப்பு படிகத்துக்குள் சேர்வதில்லை. அடர்ந்த உப்புநீராகப் பிதுங்கிப் பனிக்குள்ளேயே நுண்ணிய கால்வாய்களில் தங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிகிறது. இந்த வருடம் கட்டிய பனி உப்புக்கரிக்கும். கோடைகளைத் தாண்டிய பழைய பனியில் உப்பு பெரும்பாலும் வடிந்துபோயிருக்கும். இந்தக் கால்வாய்களை வெறும் ஓட்டைகள் என்று நினைக்க வேண்டாம். வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் அவற்றிலும் பனியின் அடிப்பரப்பிலும் நுண்பாசிகள் வளர்கின்றன. உடைந்து தலைகீழாகக் கவிழ்ந்த ஒரு பனித்துண்டைத் தேடிப் பிடியுங்கள். அதன் அடி மஞ்சளும் பழுப்புமாக அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். இந்த நாளில் நீங்கள் பார்க்கப்போவதிலேயே முக்கியமான காட்சி அதுதான் என்பேன். அந்தப் பழுப்பைத் தின்ன கோபிபாடு என்ற நுண்ணிய உயிர்களும் சிறு இறால்வகை உயிர்களும் வருகின்றன. அவற்றைத் தின்னப் பனி வெடிப்புகளுக்குள் துருவக்காட் என்ற சிறு மீன் பதுங்குகிறது. உறையாமல் இருக்கத் தன் ரத்தத்திலேயே தனிப் புரதம் வைத்திருக்கும் மீன் அது. அதைத் தின்ன சீல். சீலின் கொழுப்பைத் தின்னக் கரடி.

பனி நிறங்களையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும் தட்டையான வெள்ளைப் பரப்பு கடற்பனி. நீலமாகக் கரடுமுரடாக மிதப்பது பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த நன்னீர்ப் பனி. நெடுங்காலம் தன் எடையாலேயே அமுங்கியதால் காற்றுக் குமிழ்கள் சுருங்கி, சிவப்பு ஒளியை உறிஞ்சி நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது. அது உருகும்போது, அடைபட்ட குமிழ்கள் ஒவ்வொன்றாகத் திறந்து படபடவென்று வெடிக்கும். எஞ்சின் நின்ற படகில், அமைதியான நாளில், சுற்றியுள்ள நீர் முழுவதிலிருந்தும் அந்த ஒலி எழும்பும். பில்லெஃபியோர்டனின் தலைப்பகுதியில் இருக்கும் நோர்டென்ஷோல்ட் பனியாற்றின் முகப்பருகே இது நன்றாகக் கேட்கும்.

ஸ்வால்பார்டின் கடற்கழி நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆண்டு முழுவதும் அளப்பதில் சென்னைக்கும் பங்குண்டு. லாங்யர்பியனுக்கு வடமேற்கே நி-ஒலெசுண்ட் என்ற ஆய்வு ஊரில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இயங்குகிறது. அருகிலுள்ள காங்ஸ்ஃபியோர்டனின் அடியில் 2014 ஜூலையில் இறக்கப்பட்ட இன்டார்க் என்ற அளவைக் கருவித்தொகுதியை உருவாக்கியதில் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் பங்கெடுத்தது. அட்லாண்டிக் நீர் கடற்கழிக்குள் எப்போது, எவ்வளவு புகுகிறது என்பதைக் குளிர்கால இருட்டிலும் அது பதிவு செய்கிறது. ஒருநாள் பயணத்தில் அங்கே போக முடியாது. ஆனால் பனி குறைகிறது என்று யாராவது சொன்னால், அது இப்படி அளந்து சொன்ன செய்தி என்பதை நினைவில் வையுங்கள்.

யாரைப் பார்க்கலாம்

துறையை விட்டு நகர்ந்ததுமே ஃபுல்மார் பறவைகள் பின்தொடரும். சாம்பல் நிறம், விறைத்த இறக்கை, அலகின்மேல் குழாய்போன்ற மூக்கு. படகு கிளப்பும் காற்றிலேயே இறக்கை அசைக்காமல் கூட வரும். வழியில் ஸ்கான்ஸ்புக்தா பக்கம் செங்குத்துப் பாறை அடுக்குகளில் பறவைகள் நிறைந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் நிமிர்ந்து நிற்பவை கில்லமாட். பஃபின் இருக்கும், ஆனால் கூட்டமாக இராது. நீர்மேல் சின்னஞ்சிறு உருண்டைகளாக, இறக்கையைப் படபடத்துக் கூட்டமாகப் பறப்பவை லிட்டில் ஆக். மலைச்சரிவுக் கற்களுக்கு இடையில் முட்டையிடும் இவை, பனி விளிம்பில் பெருகும் கோபிபாடுகளைத் தொண்டைப்பையில் நிரப்பிக் குஞ்சுக்குக் கொண்டுபோகின்றன.

பனி விளிம்பில் முதலில் தேட வேண்டியது கறுப்புப் புள்ளிகள். அசையாத வெள்ளைப் பரப்பில் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டுக் கிடப்பவை வளைய சீல்கள். ஒவ்வொன்றும் தன் மூச்சுத் துவாரத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும். முன்துடுப்பின் நகங்களால் சுரண்டிச் சுரண்டிக் குளிர்காலம் முழுவதும் அந்தத் துவாரத்தை மூடவிடாமல் வைத்திருப்பவை இவை. தொலைநோக்கியை ஒன்றின்மேல் நிறுத்திச் சில நிமிடம் பொறுங்கள். கொஞ்சம் தூங்கும், தலையைத் தூக்கி நாலாபுறமும் பார்க்கும், மறுபடி தூங்கும். கரடிக்கான காவல் அது. பரப்பிலுள்ள எல்லா சீல்களும் ஒரே திசையைப் பார்க்கத் தொடங்கினாலோ ஒன்றன்பின் ஒன்றாகத் துவாரத்துக்குள் வழுக்கி மறைந்தாலோ, அந்தத் திசையைத் தேடுங்கள். கரடியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வளைய சீல் ஏப்ரல் தொடக்கத்தை ஒட்டிக் குட்டி போடுகிறது. பனிமீது படிந்த வெண்பனிக் குவியலைக் குடைந்து அதற்குள் குட்டியை ஒளித்துவைக்கும். பனி தாமதமாகக் கட்டினால் அதன்மேல் வெண்பனி குவியப் போதிய காலம் கிடைப்பதில்லை. குகை தோண்ட ஆழம் இராது. குட்டி வெட்டவெளியில் கிடக்கும். கரடி, நரி, பெரிய கடற்காகம் மூன்றுக்கும் எளிதில் இரையாகும். பனியின் பரப்பு குறைவதைப் பற்றித்தான் செய்திகளில் படிக்கிறோம். பனியின் மேலே இரண்டு மூன்று அடி வெண்பனி இல்லாமல் போவதும் ஒரு சீல் தலைமுறையையே பாதிக்கும்.

உடைந்து மிதக்கும் துண்டுகளில் தனியாகக் கிடக்கும் பெரிய சீல், தாடி சீல். 250, 300 கிலோ எடை. வெள்ளை மீசை அடர்ந்திருக்கும். சில சமயம் முகம் துரு நிறத்தில் இருக்கும். கடலடிச் சேற்றைக் கிளறி இரை தேடுவதால் அதிலுள்ள இரும்பு மயிரில் படிந்த நிறம் அது. மெதுவாக நெருங்கும் படகை இவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மே தொடக்கத்தில் பிறக்கும் குட்டிகள் சில மணி நேரத்திலேயே நீந்தும். இந்தப் பருவத்தில் ஆண் சீல்கள் நீருக்கடியில் பாடுகின்றன: உச்சத்தில் தொடங்கிச் சுழன்று சுழன்று கீழே இறங்கும் நீண்ட ஒலி. சில படகுகளில் நீரொலிவாங்கி வைத்திருப்பார்கள்; முன்பதிவின்போதே கேளுங்கள். அதைக் கேட்டவர்கள் கரடியை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெலுகா திமிங்கிலங்கள் பனியாற்று முகப்புகளையும் கரையையும் ஒட்டிக் கூட்டமாகப் போகும். முதுகுத் துடுப்பு கிடையாது. வெள்ளை முதுகு எழுந்து அமிழ்வதை மிதக்கும் பனி என்று கண் தவறவிடும். வால்ரஸ் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வரும். வேட்டையால் ஸ்வால்பார்டில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்த அது, 1952-இல் பாதுகாக்கப்பட்ட பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கிறது.

தூரம்

துருவக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். 2025-இல் வந்த இந்த விதி, ஒருநாள் படகுக்கும் பெரிய கப்பலுக்கும் ஒன்றுதான். கரடி தற்செயலாகக் கிட்டத்தில் இருந்தால், அதைக் கலைக்காமல் படகுதான் பின்வாங்க வேண்டும். துரத்துவதும், கவர்ந்து அழைப்பதும், தொந்தரவு செய்வதும் தண்டனைக்குரிய குற்றம். கரையோடு ஒட்டிய பனியைப் படகால் உடைத்துக்கொண்டு முன்னே போவதற்கும் தடை உண்டு.

500 மீட்டரில் என்ன தெரியும் என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் அது சுமார் 60 மீட்டராகத் தெரியும். கரடி நடக்கும் விதம், மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடிப்பது, சீலின் துவாரத்துக்கருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பது எல்லாம் தெரியும். வசந்தத்தில் சேர்க்கும் கொழுப்பை நம்பித்தான் அது பனியில்லாத மாதங்களைக் கடக்கிறது. கோடையில் வாத்துக் கூடுகளைக் காலிசெய்வதும் துருவமானைப் பிடிப்பதும் ஸ்வால்பார்டில் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் சீல்தான் அதன் அடிப்படை உணவு. ஒரு வேட்டை உங்கள் படகால் கெட்டால் அது தாய்க்கும் குட்டிக்கும் நேரும் இழப்பு. படகோட்டியிடம் “இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க” என்று கேட்காதீர்கள். கேட்கிற மற்றவர்களையும் தடுங்கள். நல்ல வழிகாட்டிகள் அதற்கு நன்றியோடு இருப்பார்கள்.

கரடியைத் தேடும்போது தூய வெள்ளையைத் தேடாதீர்கள். வெண்பனிக்கு எதிரே கரடி வெண்ணெய் மஞ்சளாகத் தெரியும்.

கரையில் இறங்கும் நிறுத்தம் இருந்தால் ஆயுதம் தாங்கிய வழிகாட்டியை விட்டு ஓரடி விலகாதீர்கள். லாங்யர்பியனின் எல்லையில் கரடிப் படம் போட்ட சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும். அவற்றைத் தாண்டித் தனியாக நடக்கக் கூடாது. 2020 ஆகஸ்டில் ஊரை ஒட்டிய கூடார முகாமிலேயே ஒருவர் கரடி தாக்கி உயிரிழந்தார். பனிமீது சொந்தமாகக் கால் வைப்பதும் வேண்டாம். மே மாதப் பனி மேலே உறுதியாகத் தெரியும். அடியில் நீரோட்டம் அரித்துவிட்டிருக்கும்.

சாப்பாடு, வயிறு, கேமரா

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவிலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள். படகில் பெரும்பாலும் சால்மன் மீனோ, சில சமயம் மிங்கி திமிங்கில இறைச்சியோ சுட்டுக் கொடுப்பார்கள். வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பொட்டல உணவு வகைகளும் நார்வேயில் பரவலாகக் கிடைக்கும். சைவ வகைகளும் உண்டு. லாங்யர்பியனில் எல்லாமே கப்பலிலும் விமானத்திலும் வருவதால் விலை அதிகம். ஓஸ்லோவில் ஒரு நாள் தங்கினால் ஈழத்தமிழர் கடைகளில் ஊறுகாய், பொடி, நொறுக்குத்தீனி வாங்கி வைத்துக்கொள்ளலாம். குடுவையில் இஞ்சித் தேநீர் கொண்டுபோவது பெரிய உபகாரம்.

கடற்கழி பொதுவாக அமைதியானது. இஸ்ஃபியோர்டனின் நடுப்பகுதியைக் கடக்கும்போது மட்டும் மேற்கிலிருந்து அலை உருளும். வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மின்கலங்கள் குளிரில் சீக்கிரம் தளரும். மாற்று மின்கலத்தை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். உள்ளே வருமுன் பையில் போட்டு இறுக மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுங்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி 5 கி.மீ.க்குத் தடை. அதைவிட, கூடுகட்டும் பறவைகளும் சீல்களும் அதைக் கண்டால் மிரளும்.

படகு போகாத நாள்

காற்று பலமாக இருந்தால் பயணம் ரத்தாகும். காற்று திரும்பி மிதக்கும் பனியைக் கடற்கழியின் வாயில் அடைத்துவிட்டால் பாதியில் திசை மாறும். பிரமிடென் என்ற கைவிடப்பட்ட சோவியத் சுரங்க ஊர் வரை போவதாக அறிவித்திருப்பார்கள். 1998-இல் மூடப்பட்ட அந்த ஊர் பில்லெஃபியோர்டனின் உட்பகுதியில் இருப்பதால், பனி கிடக்கும் வரை அதன் துறையைப் படகு தொட முடியாது. பனி விளிம்பில் நின்றுவிட்டுத் திரும்புவதைக் குறையாக எண்ணாதீர்கள். நீங்கள் தேடி வந்தது அந்த விளிம்பைத்தான். ஊரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஜூலையில் வாருங்கள்.

லாங்யர்பியனில் குறைந்தது மூன்று இரவு தங்கத் திட்டமிடுங்கள். படகுப் பயணத்தை முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்கும். கையில் மிஞ்சும் நாளுக்கும் வேலை உண்டு. பல்கலைக்கழக மையம் இருக்கும் கட்டடத்திலேயே ஸ்வால்பார்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்பனியின் உணவுச்சங்கிலியை அங்கே நன்றாக விளக்கியிருக்கிறார்கள், முடிந்தால் படகுக்கு முன்பே போய்ப் பாருங்கள். ஊருக்குள்ளேயே குட்டைக்கால் துருவமான்கள் மேயும். 1925-இல் வேட்டைத் தடை வந்தபின் பெருகியவை அவை. ஜூன் தொடக்கம் வரை தங்குகிறவர்கள் அட்வென்ட்டாலன் பக்கம் ஸ்லெட்ஜ் நாய்கள் கட்டியிருக்கும் பண்ணை வரை போகலாம். நரி நாய்க்குப் பயந்து நெருங்காது என்று ஈடர் வாத்துகள் அங்கே சாலையோரத்திலேயே கூடு கட்டி அடைகாக்கும். சாலையைவிட்டு இறங்காமல், நாய்ப்பண்ணையாரின் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.